கேலபுக்காக ஒரு சங்கிலி ஜெபம்

கிரானைட் பே ஊரில் பதினாறு வயது ஆன பிள்ளைகளுக்கு ரெனே ஹால்வர்சனைக் கண்டாலே பயம். கார் லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுப்பவள் அவள்தான். டுலூத் நகரத்தைத் தாண்டி ஏரிக்கரையோடு வடக்கே போனால் அந்தப் பக்கம் முழுவதற்கும் வேறு ஆள் கிடையாது. பக்கத்து இருக்கையில் உட்காருவாள், பெல்ட்டை மாட்டிக்கொள்வாள், "போகலாம்" என்பாள். அதன் பிறகு இடம், வலம் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வராது. ஸ்டாப் பலகைக்கு முன்னால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். நிற்பதுபோல் ஊர்ந்தால் ஃபெயில். பழைய பாஸ்டரின் மகன் இரண்டு தடவை ஃபெயிலானான். ரெனேயின் சொந்த அக்கா மகள் மூன்று தடவை. அக்கா போனில் அழுதாள். "நின்னாளா, நிக்கலையா, அதை மட்டும் சொல்லு" என்றாள் ரெனே.

இப்படிப்பட்டவள், ஒரு நகரத்தின் கீழ்ப்பாதியைத் தண்ணீரில் மூழ்கடித்த ஒருவனிடம் மனதைக் கொடுத்திருந்தாள். அவன் பெயர் கேலப் ரோர்க். செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு டி.வி.யில் வரும் 'இரும்பு நாரை' தொடரில் வில்லன்.

தொடரின் நாயகன் பிளேக். பகலில் பாலம் கட்டும் கம்பெனி முதலாளி, இருட்டியதும் இரும்புச் சிறகுகளை மாட்டிக்கொண்டு பறந்து ஊரைக் காப்பாற்றுகிறவன். அணைக்கட்டில் எஞ்சினியராக இருக்கும் டெஸ்ஸை அவன் மூன்று வருஷமாகக் காதலிக்கிறான். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கேலப் தண்ணீரைத் தன் விரல் அசைவுக்கு ஆட்டுகிறவன். முதல் வருஷத்தில் முழுக்க நாசம்தான். இரண்டாம் வருஷத்தில் ஒரு சண்டைக்கு நடுவில் டெஸ்ஸின் கையில் அடிபட்டது. கேலப் தன் சட்டையைக் கிழித்து அந்தக் கைக்குக் கட்டுப் போட்டான். போட்டுவிட்டு வந்த வழியே போனான். அன்றையிலிருந்து ரெனே அவன் கட்சி.

இதில் அவள் தனி ஆள் இல்லை. வின்னிபெக்கில் ஒரு நர்ஸ், டல்சாவில் ஒரு கணக்கு வாத்தியார், ஹாலிஃபாக்ஸில் இரட்டைச் சகோதரிகள் என்று ஒரு கூட்டமே இருந்தது. போனில் குழு வைத்திருந்தார்கள். தண்ணீர்க் கட்சி என்று பெயர். பிளேக்குக்கும் டெஸ்ஸுக்கும் கல்யாணம் ஆக வேண்டும் என்பவர்கள் சிறகுக் கட்சி. இரண்டு கட்சிக்கும் ஆகாது. ஒவ்வொரு செவ்வாயும் தொடர் முடிந்ததும் ரெனே தன் தீர்ப்பை எழுதுவாள். "பிளேக்: வானத்தில் திரும்பும்முன் தோளுக்கு மேல் பார்க்கவில்லை. மார்க் கழிக்கப்பட்டது. தரையிறங்கிய இடம் தீயணைப்பு வண்டிக்கான இடம். ஃபெயில்." இதைப் படிப்பதற்கென்றே சிறகுக் கட்சியிலிருந்து ஆட்கள் ஒளிந்து வருவார்கள்.

சிறகுக் கட்சியின் உள்ளூர்க் கிளை, ரெனே வீட்டு சோபாவின் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. லவோன் டூமினென். எதிர்வீடு. பல் டாக்டரிடம் முன்மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செவ்வாய்தோறும் பின்னல் பையோடு தெருவைக் கடந்து வருவாள். தொடர் ஓடும்போது பேசக்கூடாது, விளம்பரத்தில் பேசலாம் என்பது ஏற்பாடு. விளம்பரம் முடிந்தும் பேச்சு முடியாமல் பாதிக் கதையைத் தவறவிட்டதும் உண்டு.

"என் தங்கச்சி பையன் ஒரு பிளாஸ்டிக் கோனைத் தட்டினான்னு ஃபெயில் பண்ணே. ஊரையே மூழ்கடிச்சவனைப் பாஸ் பண்ணிட்டே" என்பாள் லவோன்.

"உன் தங்கச்சி பையன் திரும்பிக்கூடப் பாக்கல. இவன் வருத்தப்பட்டான்."

"எப்ப வருத்தப்பட்டான்?"

"கண்ணைப் பாரு."

"கண்ணுல மை போட்டிருக்காங்க ரெனே. அது வருத்தம் இல்ல."

இப்படியே தொடரின் மூன்றாவது குளிர்காலமும் போனது. நாலாவதில், பிப்ரவரியில், பம்பு அறைக்குள் டெஸ்ஸும் கேலபும் முத்தமிட்டார்கள்.

ரெனே சோபா மெத்தையில் குத்தினாள், கை தட்டினாள். விளம்பரம் வந்தது. லவோன் பின்னல் ஊசியை மடியில் வைத்தாள்.

"இதுக்கா கை தட்றே?"

"கையில கட்டுப் போட்டவன்டி அவன்."

"ஒரு கட்டுக்கு ஒரு ஊரா?"

"மாறிட்டு வரான். இன்னும் மாறுவான்."

"டுவேன் மாறுவான்னுதான் பதினெட்டு வருஷம் சொன்னே."

டி.வி. விளம்பரத்தில் ஒரு டயர் பனியில் வழுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. டுவேன் ரெனேயின் கணவனாக இருந்தவன். சிரிப்பு அழகாக இருக்கும். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், அவளுடைய அப்பாவின் மீன்பிடி படகை விற்றுவிட்டு அரிசோனா போய்விட்டான். கள்ளிச்செடிப் படம் போட்ட ஒரு கார்டு வந்தது, அவ்வளவுதான். அவனைப் பற்றி லவோன் அதுவரை வாயைத் திறந்ததில்லை. படகு போன அன்று வந்து, பேசாமல் ரெனேயின் சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டுப் போனவள் அவள்.

"உனக்கு பிளேக்கை ஏன் பிடிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ரெனே. "பேசவே மாட்டான். கராஜுலயே கிடப்பான். ஒரு முத்தத்துக்கு மூணு வருஷம் யோசிப்பான். அதான் வீட்டுலயே ஒண்ணு இருக்கே, டி.வி.யில இன்னொண்ணு எதுக்கு?"

லவோனின் கணவன் ஆர்னேதான் அந்த ஒன்று.

அந்த ஊரில் ஒருவர் இன்னொருவர் வீட்டிலிருந்து கிளம்புவது சுலபமான காரியம் இல்லை. முதலில் தொடையைத் தட்டி "சரி" என்பார்கள். பிறகு எழுந்து நிற்பார்கள், ஒரு பேச்சு. கோட்டு மாட்டும்போது ஒரு பேச்சு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரை உள்ளே விட்டபடி, மிச்சமிருக்கும் எல்லாப் பேச்சும். அன்று லவோன் தொடையைத் தட்டவில்லை. பின்னலைப் பையில் திணித்தாள், போய்விட்டாள்.

ரெனேயின் நீலக் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று லவோன் வீட்டில் தங்கிவிட்டது. ஆர்னேக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது அதில் காட்டரிசியும் கோழியும் வைத்துச் சுட்டுக் கொடுத்திருந்தாள். அந்த ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். நிரப்பிக் கொடுத்தால் சமாதானம் என்று ஆகிவிடும். ஆகவே பாத்திரம் அங்கேயே இருந்தது.

அடுத்து வந்த செவ்வாய்களில் இருவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். தெருவின் இரு பக்கமும் திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு ஜன்னல்கள் ஒரே சமயத்தில் நீலமாயின, ஒரே சமயத்தில் சிவந்தன, விளம்பரம் வந்தால் ஒன்றாக வெளிறின. நாயை உலாத்த அழைத்து வந்தவர்கள் யாராவது கவனித்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மார்ச்சில் கேலப் விழுந்தான்.

அணைக்கட்டில் விரிசல் விட்டது. விரிசல் விட வைத்தவள் புதிதாக வந்திருந்த ஒரு கிழட்டு விஞ்ஞானி, வெள்ளி முகமூடி போட்டவள். கீழே டெஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். கேலப் விரிசலுக்கு முன்னால் போய் நின்றான், இரண்டு கையையும் நீட்டி அத்தனை தண்ணீரையும் தடுத்தான். டெஸ் ஏறி வெளியே வந்ததும் அவன் கைகள் தாழ்ந்தன. தண்ணீர் அவனைக் கொண்டுபோனது. பனியில் கரையோரம் டெஸ் உட்கார்ந்திருந்தாள். பிளேக் வந்து அவள் தோளில் கை வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ரெனே டி.வி.யை அணைத்தாள். சோபாவின் இடது பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது. போனை எடுத்துத் தண்ணீர்க் கட்சிக்கு எழுதினாள். மூக்குக்கண்ணாடி மேஜையில் இருந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

"கேலபுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. அணைக்கட்டுல இருந்து விழுந்துட்டான். உடல் இன்னும் கிடைக்கல. டெஸ் தண்ணி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா. எனக்குப் பக்கத்துல இன்னிக்கு யாரும் இல்ல."

அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

போனில் மேலே இருந்தது தண்ணீர்க் கட்சி இல்லை. அன்று மத்தியானம் ஹார்லன் கிழவரின் இடுப்பு ஆபரேஷனுக்காக வந்திருந்த சங்கிலி ஜெபம். லூத்தரன் சர்ச்சில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், யாராவது காணாமல் போனால், அதில் ஒரு வரி எழுத வேண்டும், அது நடத்துகிறவருக்குப் போகும். அவர் முதல் வீட்டுக்கு அனுப்புவார், அந்த வீடு அடுத்த வீட்டுக்கு, இப்படியே ஊர் முழுக்கப் போகும். சட்டம் மூன்றுதான். கூட்டாதே, குறைக்காதே, கேட்காதே. எல்லாம் வாய்வழியாகப் போன காலத்தில் ஒரு பித்தப்பைக் கல் ஒன்பதாம் வீட்டில் புற்றுநோயாகி, பன்னிரண்டாம் வீட்டில் மரணமாகி, கல்லோடு உட்கார்ந்திருந்தவர் வீட்டுக்கு மலர்வளையம் வந்தது. அதற்குப் பிறகு சட்டம் போட்டவளும் சங்கிலியை நடத்துகிறவளும் லவோன்.

ரெனேக்கு மறுநாள் ஒன்றும் தெரியாது. காலையில் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்த ஒரு கிழட்டு விவசாயி கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேலப் கிடைச்சுடுவான். குளிர்ந்த தண்ணியில மனுஷன் ரொம்ப நேரம் தாங்குவான். எங்க சித்தப்பா தாங்கினாரு."

இவரும் நம் கட்சியா என்று ரெனேக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. "உடல் கிடைக்கலன்னா சாவு இல்லங்க" என்றாள். அது இரண்டு கட்சிக்கும் பொதுவான வேதவாக்கு.

"அதேதாம்மா. நம்பிக்கையை விடாதே."

மத்தியானம் டெஸ்டுக்கு வந்த ஒரு பெண் ஸ்டாப் பலகைக்கு முன்னால் நன்றாகவே ஊர்ந்தாள். ரெனே அணைக்கட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். தான் எப்படிப் பாஸானோம் என்று தெரியாமலே அந்தப் பெண் இன்றைக்கும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. மூடிகளின் மேல் பொடிப்பனி. ரெனே ஒவ்வொன்றாக அடியைத் தூக்கிப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேர் எழுதிவைப்பார்கள், இல்லாவிட்டால் துக்கவீட்டிலிருந்து பாத்திரம் திரும்பாது. குட்ருன். ஷெரில். மறுபடி ஒரு ஷெரில், பின்தெரு ஷெரில். எல்லாவற்றிலும் மாட்டுக்கறிக் கொத்தும் காளான் சூப்பும் கலந்து, மேலே பொரித்த உருளைக்கிழங்கு அடுக்கிய ஹாட்டிஷ். சாவுக்கும் பிரசவத்துக்கும் அந்த ஊரில் அதுதான் சாப்பாடு. கடைசியில் ஒரு நீலக் கண்ணாடிப் பாத்திரம். அடியில் ஒட்டிய டேப்பில் ரெனேயின் கையெழுத்தில் ரெனே என்று இருந்தது. அது மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

ரெனே படியிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தாள். எங்கே அனுப்பியிருக்கிறோம் என்று தெரிந்தது. அதற்குக் கீழே லவோனிடமிருந்து ஒரே வார்த்தை: "அனுப்பியாச்சு."

பாத்திரங்களை உள்ளே கொண்டுபோய் வைத்துக் கோட்டைக் கழற்றுவதற்குள் பாஸ்டர் கிர்ஸ்டன் வந்துவிட்டாள். அயோவாவிலிருந்து வந்த சின்ன வயசுக்காரி, போன இலையுதிர் காலத்தில்தான் பொறுப்பேற்றவள்.

"உட்காருங்க ரெனே. நான் பேச வரல, சும்மா கூட இருக்கலாம்னுதான். கேலப் உங்க அக்கா பையனா?"

"இல்ல பாஸ்டர்."

"வேற சொந்தமா?"

"சொந்தம்னு சொல்ல முடியாது."

"ரொம்ப நாளாத் தெரியுமா?"

"மூணு வருஷமா. வாராவாரம் பாப்பேன்."

பாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. ரெனே பொய் சொல்லத் தெரியாதவள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சமையலறை மேஜையில் ஆறு ஹாட்டிஷ் வரிசையாக இருந்தபோது அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நானே எந்திரிச்சுச் சொல்றேன் பாஸ்டர். அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க."

"கேக்கக்கூடாதுங்கறதுதானே சட்டம்" என்றாள் பாஸ்டர்.

ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ஃபெயிலான பிள்ளைகளெல்லாம் காத்திருந்த நாள்தான் அது. ரெனேக்கு அது பெரிதாகப் படவில்லை. லவோனுக்குத் தெரியும், கேலப் யார் என்று இந்த ஊரில் வேறு யாரைவிடவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பியிருக்கிறாள். எதிர்வீட்டில் உட்கார்ந்து அவள் சிரித்திருந்தால் சோபாவின் இடது பக்கம் இனிக் காலிதான். ஆனால் பாத்திரம் சூடாக இருந்தது. பாஸ்டர் போனதும் ரெனே அதிலிருந்து ஒரு வாய் காட்டரிசி எடுத்துத் தின்று பார்த்தாள், மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

லவோன் கதவைத் திறந்தாள். சமையலறையில் ஆர்னே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. ரெனே நின்றாள்.

"அவன் யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கே."

"கூட்டாதே, குறைக்காதே, கேக்காதே."

"சட்டம் போட்டதே நீதானேடி."

"அதான், நானே மீறினா நல்லா இருக்குமா?"

"அவன் செத்திருக்க மாட்டான்" என்றான் ஆர்னே.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்னே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உடல் கிடைக்கலல்ல" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லவோன்.

"கராஜுல சின்ன டி.வி. இருக்கே."

"எத்தனை நாளாப் பாக்கறே?"

"முதல்ல இருந்து."

"முதல்ல இருந்தா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ கேக்கல." கொஞ்சம் யோசித்தான். "நான் கேலப் பக்கம். அந்த பிளேக் பேசவே மாட்டேங்கறான். எரிச்சலா இருக்கு."

ரெனே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். லவோன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அவள் திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்காக என்று அப்போதும் தெரியவில்லை.

"முதல்ல பொல்லாத புத்திதான்" என்றாள் லவோன். "ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்கட்டும்னு தோணிச்சு. இல்லன்னு சொல்லல. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிச்சேன். கடைசி வரி."

ரெனே மேஜை விரிப்பைத் தடவினாள்.

"அடுத்த வாரத்து முன்னோட்டம் போடறதுக்கு முன்னாடியே உன் ஜன்னல் இருட்டாயிடுச்சு. நீ அதை ஒரு நாளும் விட்டதில்ல."

"என் ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?"

"அது நேரெதிர்ல இருக்கு. நான் எங்க பாக்கறது?" லவோன் கோப்பையை எடுத்துக் காப்பி ஊற்றி ரெனே முன்னால் வைத்தாள். "போன் பண்ணலாம்னு எடுத்தேன். பண்ண வரல. கையில இருந்தது சங்கிலி ஒண்ணுதான். சரி, இதையாவது சரியாச் செய்வோம்னு அனுப்பிட்டேன்."

"காட்டரிசி நல்லா வெந்திருக்கு."

"நீ வைக்கிற மாதிரி வராது."

"கொஞ்சம் உப்பு கம்மி."

"ம்." லவோன் எதிரே உட்கார்ந்தாள். "டுவேன் பேச்சு அன்னிக்குத் தேவைக்கு மேல வந்துடுச்சு."

"ஆர்னே பேச்சும்தான்."

"என்ன பேச்சு?" என்றான் ஆர்னே.

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும்.

அந்த ஊரில் மன்னிப்பு என்பது இதற்கு மேல் போகாது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று லவோன் சொல்லவில்லை. வா என்று ரெனேயும் சொல்லவில்லை. கேட்காதே என்ற சட்டம் இருவருக்கும் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் ரெனேயின் பக்கம் தலையை அசைத்தாள். ரெனே எழுந்தாள். முன்வரிசைப் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கேலபுக்காக ஜெபம் பண்ண எல்லாருக்கும் நன்றி. சாப்பாட்டுக்கும். கேலப்னு ஒரு ஆள் கிடையாது. டி.வி.யில வர்ற கதை. அதுல அவன் வில்லன். அந்தச் செய்தி வேற ஒருத்தருக்குப் போக வேண்டியது, தவறிப்போய் இங்க வந்துடுச்சு. தப்பு என்னுது. ஃபெயில்."

ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. பின்வரிசையில் பழைய பாஸ்டரின் மகன் இருமினான். இரண்டு தடவை ஃபெயிலானவன்.

லவோன் எழுந்து நின்றாள்.

"அனுப்பினது நான். நான் அந்தத் தொடரைப் பாக்கறவ. கேலப் யாருன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். எனக்கும் ஃபெயில்னு வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. ரெனேயும் உட்காரவில்லை. இரண்டு வெவ்வேறு வரிசைகளில் நின்றுகொண்டிருந்தார்கள்.

குட்ருன் தன் ஊன்றுகோலைத் தட்டினாள். சபையிலேயே மூத்தவள், சரியாகக் காது கேட்காததால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசுகிறவள். "அந்தப் பொண்ணு? தண்ணி பக்கத்துல உட்கார்ந்திருக்கான்னு போட்டிருந்ததே?"

"டெஸ். அவளும் கதைதான்."

"குளிர்ல உட்கார்ந்திருக்காளேன்னு எனக்கு நாலு நாளாத் தூக்கமில்ல. கோட்டு போட்டிருந்தாளா?"

"போட்டிருந்தா" என்றாள் லவோன். "மெல்லிசுதான்."

"பக்கத்துல யாரும் இல்லன்னு கடைசியில இருந்ததே" என்றாள் பின்தெரு ஷெரில். "அதுவும் கதையா?"

ரெனே பெஞ்சின் முதுகைப் பார்த்தாள்.

"அது கதை இல்ல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. குட்ருனுக்கு அது கேட்கவில்லை போலிருந்தது, பக்கத்திலிருந்தவள் குனிந்து காதில் சொன்னாள். குட்ருன் தலையாட்டினாள்.

"அப்ப ஜெபம் ஒண்ணும் வீணாகல" என்றாள். "நான் பண்ணதைத் திருப்பி வாங்கறதா இல்ல. என் பாத்திரம் மட்டும் வேணும். அந்தக் கதை என்னிக்கு வருது, எத்தனை மணிக்கு?"

செவ்வாய் சாயங்காலம் பாத்திரம் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகவில்லை. பாத்திரங்களில் எலுமிச்சை பார் இனிப்புத் துண்டுகள் நிரப்பி வைத்திருந்தாள் ரெனே. முதல் நாள் முழுக்க அதுதான் வேலை. ஷெரில்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் சமையலறை நாற்காலியில். குட்ருன் சுற்றிப் பார்த்துவிட்டு சோபாவின் இடது பக்கத்தை நோக்கி நடந்தாள்.

"அங்க ஆள் இருக்கு குட்ருன்" என்றாள் ரெனே. "இந்தப் பக்கம் வாங்க."

"யாரும் இல்லையே."

"வருவாங்க."

ஏழு மணிக்குப் பெயர் ஓடத் தொடங்கியது. ரெனே ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் இருட்டாக இருந்தது. மூன்றரை வருஷத்து வழக்கத்தில் அதற்கு லவோன் தெருவைக் கடந்து வருகிறாள் என்றுதான் அர்த்தம், ஆனால் பழைய வழக்கம் இன்னும் செல்லுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் பனியை உதறும் சத்தம் கேட்டது. லவோன் பின்னல் பையோடு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னால் ஆர்னே ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தான்.

முதல் விளம்பரம் வருவதற்குள் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்தெரு ஷெரில் சிறகுக் கட்சி, பின்தெரு ஷெரில் தண்ணீர்க் கட்சி. பாஸ்டர் இருவரையும் நேசிக்கிறேன் என்றாள், அதற்கு எல்லோரும் அவளைத் திட்டினார்கள். குட்ருனுக்கு வெள்ளி முகமூடிக் கிழவியைத்தான் பிடித்திருந்தது.

"அணையையே உடைச்சவ அவ, குட்ருன்" என்றாள் பாஸ்டர்.

"இவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அவ ஒருத்திதான் வேலை செய்யறா."

லவோன் பின்னியபடியே ரெனேயின் பக்கம் சாய்ந்தாள்.

"திரும்பி வந்தாலும் உன் ஆள் ஃபெயில்தான்."

"அணைக்கட்டுல நின்னானே. ஊர்ந்து போகல. முழுசா நின்னான்."

"அது நின்னது இல்லடி. மாட்டிக்கிட்டது."

"நின்னாலே போதும். ஏன் நின்னேன்னு டெஸ்டுல கேக்கறதில்ல."

லவோன் ஒரு வரி பின்னினாள். பிறகு, "கட்டு நல்லாத்தான் போட்டான் அன்னிக்கு" என்றாள். ரெனே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அடுத்த வார்த்தையில் லவோன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

கடைசி நிமிஷத்தில் ஏரிப் பனிக்கு நடுவே ஒரு விரிசல் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அது யாருடைய கை என்று டி.வி. சொன்னதோ என்னவோ, அறையில் யாருக்கும் கேட்கவில்லை. "சொன்னேனே" என்றான் ஆர்னே, அன்று முழுக்க அவன் பேசியது அதுதான்.

ஒவ்வொருவராகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியில் லவோன் பின்னலைப் பையில் வைத்தாள். தொடையைத் தட்டினாள். "சரி" என்றாள்.

ரெனே எழுந்து அவளோடு கதவுவரை போனாள். ஆர்னே நாற்காலியை மடக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். லவோன் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, அந்தக் கை பிளேக்குடையதாகவும் இருக்கலாம் என்று ஆரம்பித்தாள். கதவு திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. எதிரே கராஜில் விளக்கு எரிந்தது, அப்புறம் சின்ன டி.வி.யும்.